உடம்பை அளந்த கதை – 9: லைடன் கம்பியும் அவலூர்பேட்டைச் சாலையும்

1905 மார்ச் 22 அன்று ஹாலந்தின் லைடன் நகரில் திடகாத்திரமான ஓர் ஆள் ஆய்வுக்கூடத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி மருத்துவமனைக்குப் போனார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. அங்கே உப்புநீர் நிரப்பிய ஜாடிகளுக்குள் கைகால்களை விட்டு உட்கார வைத்தார்கள். இதயம் துடித்தது மருத்துவமனையில். அந்தத் துடிப்பு ஏறி இறங்கும் கோடாகப் பதிவானதோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, அவர் கிளம்பி வந்த அதே ஆய்வுக்கூடத்தில். நடுவில் இருந்தது ஒரு தொலைபேசிக் கம்பி. பதிவில் ஒரு முனை வழக்கத்தைவிட உயரமாக எழுந்திருந்தது. சைக்கிள் மிதித்து வந்ததால்தான் அப்படி என்று காரணம் சொன்னார்கள்.

சென்ற இதழில் ரத்த அழுத்தமானியைப் பார்த்தோம். ரஷ்ய ராணுவ மருத்துவர் கோரோட்கோவ், கைப்பட்டையின் காற்றை இறக்கிக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்கும் முறையை அறிவித்ததும் இதே 1905இல்தான். ஒரே வயதுக் கருவிகள் இரண்டு. கோரோட்கோவின் முறைக்கு ஒரு ரப்பர்ப் பட்டை, ஒரு பாதரசக் குழாய், ஒரு காது போதும். டாக்டரின் தோல்பையிலேயே ஊர் ஊராகப் போய்விட்டது. இன்று நாம் ஈசிஜி என்று சொல்லும் அந்த லைடன் கருவி மட்டும் நம் செஞ்சி, அவலூர்பேட்டைப் பக்கம் வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. வந்த பிறகும் அது தந்த தாளை யார் படிப்பது என்ற கேள்வி தீர இன்னொரு தலைமுறை ஆனது. இந்தப் பகுதி அந்தத் தாமதத்தின் வரலாறு.

கருவியைச் செய்தவர் வில்லெம் ஐந்தோவன். பிறந்தது ஐரோப்பாவில் இல்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாத் தீவின் செமராங் நகரில், 1860இல். அப்பா அங்கே மருத்துவர். மகனுக்கு ஆறு வயதாகும்போது இறந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹாலந்துக்குக் கப்பலேறினார். பையன் படித்து, இருபத்தைந்து வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனான்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சின்ன மின்னோட்டம் உடம்பு முழுக்கப் பரவுகிறது என்பது ஐந்தோவன் காலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887இல் மனித இதயத்தின் மின்பதிவை எடுத்துக் காட்டிவிட்டார். அவருக்கு ஜிம்மி என்ற நாய் ஒன்று இருந்தது. அதன் கால்களை உப்புநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, கூட்டம் கூட்டி, இதயத்தின் மின்சாரத்தைக் காட்டுவார். நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று இது இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை போனது. உள்துறை அமைச்சர் எழுந்து, அந்தப் பாத்திரத்தில் இருந்தது சாதாரண உப்புப் போட்ட தண்ணீர், கடலில் கால் நனைத்தவர்கள் யாரும் பயப்பட வேண்டியதில்லை என்ற பொருளில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வாலர் வைத்திருந்த கருவியில் கண்ணாடி நுண்குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்கும். பாதரசத்துக்குப் பாரம் அதிகம். இதயத்தின் மின்சாரம் நொடியில் நூறில் சில பங்கு நேரத்தில் ஏறி இறங்கிவிடுகிறது. பாதரசம் நகர்ந்து முடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். கிடைத்த மழுங்கிய கோட்டைக் கணக்குப் போட்டுத் திருத்தி, உண்மையான வடிவம் இப்படி இருக்க வேண்டும் என்று ஐந்தோவன் 1895இல் வரைந்து பார்த்தார். அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று அவர் வைத்த பெயர்கள்தான் இன்றும் வழக்கில் உள்ளன. ஆனால் கணக்குப் போட்டுத் திருத்துவது எத்தனை நாளைக்கு? பாரமே இல்லாத ஒன்று நகர வேண்டும் என்று தேடினார்.

கிடைத்தது குவார்ட்ஸ் இழை. குவார்ட்ஸை உருக்கி, அம்பின் முனையில் ஒட்டி, வில்லை நாணேற்றி அம்பை விட்டால், அது பறக்கும் வேகத்தில் பின்னால் இழை நீளும். அப்படி இழுத்த இழையின் பருமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுதான். அதன்மேல் வெள்ளி பூசி, பலமான மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே கட்டினார். இதயத்தின் மின்சாரம் இழை வழியாகப் பாயும்போது இழை பக்கவாட்டில் ஒரு துளி அசையும். அந்த அசைவின் நிழலைப் பல நூறு மடங்கு பெருக்கி, நகரும் ஒளிப்படத் தட்டில் விழச் செய்தார். 1901இல் கருவியை அறிவித்தார். அவர் முன்னாடி கணக்கில் வரைந்த வடிவம் இப்போது நேரடியாகவே தட்டில் விழுந்தது. அறிவியலில் இப்படி ஒரு ஒத்துப்போதல் அபூர்வம்.

ஆனால் இழைதான் பாரமில்லாதது. காந்தம் சூடேறாமல் இருக்க ஓடும் தண்ணீர், நிழல் விழ வில்விளக்கு, தட்டை நகர்த்தப் பொறி என்று எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 270 கிலோ. இரண்டு அறையை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். அதை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. அதனால்தான் அந்தக் கம்பி. இதயத்தின் மின்சாரத்தை அளக்க வழி கிடைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அளக்கும் இடத்துக்கும் நோயாளி கிடக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் உண்மையான சிக்கல் என்று ஐந்தோவனுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு நோபல் பரிசு 1924இல் வந்தது. பரிசுப் பணத்தில் பாதியைத் தன்னோடு உழைத்து மறைந்துபோன உதவியாளரின் வறுமையில் வாடிய சகோதரிகளுக்குத் தேடிப் போய்க் கொடுத்தார் என்று சொல்வார்கள். கருவி வரலாற்றில் மெக்கானிக்குகளின் பெயர் நிற்பதே அதிசயம். பணம் போய்ச் சேர்வது அதைவிட அதிசயம்.

வாலருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. மருத்துவமனைகளில் இது எப்போதாவது ஓர் அபூர்வ நோய்க்கு உதவலாம், அவ்வளவுதான் என்பது 1911இல் அவருடைய கணிப்பு. முதன்முதலில் பதிவு எடுத்தவரே அப்படி நினைத்தார்.

நம் பக்கம் அந்தக் காலத்தில் இதயத்தை அறிய இருந்தது மணிக்கட்டு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களுக்கும் கோட்டைக்கு வெளியே ஏர் ஓட்டியவர்களுக்கும் வைத்தியம் இந்த மூன்று விரல்களில்தான் தொடங்கியது. அனுபவம் உள்ள விரல் துடிப்பின் வேகம், ஒழுங்கு, நிறைவு மூன்றையும் நிச்சயம் அறியும். ஆனால் விரல் அறிவது ரத்தக் குழாயில் வந்து மோதும் அலையை மட்டும். இதயத்துக்குள் நடப்பது வேறு கதை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கருவி வைத்துச் சோதித்த ஒரு சம்பவத்தில் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் வருகிறார்.

1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சுப் பெண் இதய மருத்துவர் இந்தியா வந்தார். யோகிகள் இதயத்தையே நிறுத்துகிறார்கள் என்ற பேச்சைச் சோதித்துப் பார்ப்பது அவர் நோக்கம். கருவி அதற்குள் பெட்டியில் அடங்கும் அளவுக்கு இளைத்திருந்தது. அவர் பதிவெடுத்தவர்களில் ஒருவர், அப்போது மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார். பின்னாளில் சென்னையில் குடியேறியவர். இதயத்தின் மின்பதிவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் அடங்கியது என்று ப்ரோஸ் எழுதினார். அது உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் யோகா வகுப்புகளில் இதைச் சொல்லக் கேட்கலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், அமெரிக்காவிலிருந்து வெங்கர், பக்சி என்ற இரு ஆய்வாளர்கள் பல தடப் பதிவுக் கருவியோடு வந்தார்கள். டெல்லியின் உடலியல் பேராசிரியர் ஆனந்த் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இதயத்தைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன நால்வரைச் சோதித்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று பேரிடம் நடந்தது இதுதான்: மூச்சை அடக்கி, தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கினார்கள். மார்புக்குள் அழுத்தம் ஏறியது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் குறைந்தது. வெளியே தள்ள ரத்தம் போதாமல் மணிக்கட்டில் நாடி மறைந்தது. தசைகளின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலியும் அமுங்கியது. கைவைத்துப் பார்ப்பவருக்கும் காது வைத்துக் கேட்பவருக்கும் இதயம் நின்றுவிட்டது. மின்பதிவில் மட்டும் அது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. நான்காமவர் வேறு வகை. தன் இதயத் துடிப்பின் வேகத்தை நன்றாகவே குறைத்துக் காட்டினார், நிறுத்தவில்லை.

ப்ரோஸ் பொய் சொன்னாரா? இல்லை. அவர் வெளியிட்ட ஆதாரம் ஒரே ஒரு கோணத்திலிருந்து எடுத்த பதிவு. மூச்சை அடக்கும்போது இதயம் மார்புக்குள் கொஞ்சம் சாயும். அந்தக் கோணத்தில் அலை சிறுத்துவிடும். இன்னொரு கோணத்தில் பார்த்திருந்தால் அலை அங்கே உயர்ந்திருக்கலாம். உடம்பின் சமிக்ஞையை ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கருவி வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை.

அந்தப் பாடத்தை மருத்துவ உலகமும் படிப்படியாகத்தான் கற்றது. ஐந்தோவன் மூன்று கோணங்களில் எடுத்தார். மார்பின்மேல் ஆறு இடங்களில் வைக்கும் முறை 1938இல் ஒழுங்குபட்டது. 1942இல் கோல்ட்பெர்கர் இன்னும் மூன்று சேர்த்தார். ஆகப் பன்னிரண்டு. இன்று செஞ்சி அரசு மருத்துவமனையானாலும் நியூயார்க் ஆனாலும் ஈசிஜி என்றால் இந்தப் பன்னிரண்டுதான். ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பக்கம் நின்று பார்ப்பது.

இதில் கிளிப் மாட்டும் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. வலக்கைக்குச் சிவப்பு, இடக்கைக்கு மஞ்சள், இடக்காலுக்குப் பச்சை, வலக்காலுக்குக் கறுப்பு. சிவப்பும் மஞ்சளும் இடம் மாறிவிட்டால் முதல் கோணத்துப் பதிவு தலைகீழாகிவிடும். இதயம் வலப்பக்கம் உள்ளவரோ என்று அனுபவமில்லாத டாக்டர் திகைத்துப்போவார். கறுப்பு கிளிப் எதையும் அளப்பதற்காக இல்லை. அதன் வேலை இரைச்சலை அடக்குவது.

இரைச்சல் என்றால் என்ன? தோலின்மேல் நமக்குக் கிடைக்கும் இதயத்தின் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் அளவு. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுவருக்குள் ஓடும் வயரிலோ 230 வோல்ட், நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டு. மின்விசிறி, குழல்விளக்கு, சுவரில் போகும் லைன் எல்லாவற்றிலிருந்தும் நம் உடம்பு இந்த ஐம்பதை வாங்கிக்கொள்கிறது. அதன் அளவு இதயத்தின் சமிக்ஞையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அவலூர்பேட்டைப் புதன்கிழமைச் சந்தையில், மாட்டு வியாபாரிகள் கூவும் நடுவில், ஒருவர் காதோடு சொல்லும் ரகசியத்தைக் கேட்பது மாதிரி வேலை இது. தீர்வு எளிமையானது, அழகானது: இரண்டு கைகளிலும் உள்ள மின்னழுத்தத்தை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுவது. வெளியிலிருந்து வந்த இரைச்சல் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கழித்தால் போய்விடும். இதயத்தின் மின்சாரம் இரண்டு பக்கமும் வேறுபடும், அதனால் தங்கிவிடும். மிஞ்சும் இரைச்சலை அளந்து, அதைத் தலைகீழாக்கி, கறுப்பு கிளிப் வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது இன்றைய கருவி.

எர்த் சரியில்லாத கட்டடத்தில் இவ்வளவும் செய்தாலும் தாளில் கோடு ரம்பப்பல்லாக வரும். கிளிப்பின் அடியில் தடவிய ஜெல்லி காய்ந்திருந்தால் வரும். மார்கழிக் குளிரில் நோயாளி நடுங்கினால் தசையின் மின்சாரமும் சேர்ந்து பதிவாகும். ஜெல்லி தீர்ந்துபோன இடங்களில் உப்புநீரில் பஞ்சை நனைத்து வைத்து எடுப்பதுண்டு. ஐந்தோவனின் ஜாடிதான் அது, சுருங்கியிருக்கிறது.

நாட்டு வைத்தியம் போய் இங்கிலீஷ் வைத்தியம் வந்த பின்னும் பல காலம் சிறு ஊர் டாக்டரிடம் ஈசிஜி பெட்டி கிடையாது. இறக்குமதிச் சாமான், விலை அதிகம், பழுதானால் பார்க்க ஆள் இல்லை. இந்த நிலை மாறியதில் பாலக்காட்டுக்குப் பங்கு உண்டு. நம்பியார் என்பவர் 1963இல் அங்கே பிபிஎல் நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரின் முதலெழுத்துகள் அதன் பிரிட்டிஷ் கூட்டாளியான ஆய்வுக்கருவி நிறுவனத்தைக் குறிப்பவை. முதலில் செய்தது மின் அளவீட்டு மீட்டர்கள். 1967இல் ஈசிஜி கருவிக்கு வந்தது. டிவிப் பெட்டியால் இந்தப் பெயர் வீடுகளுக்குத் தெரிவதற்கு முன்பே டாக்டர்களுக்குத் தெரியும். பின்னாளில் அதன் கார்டியார்ட் பெட்டி சிறிய நர்சிங் ஹோம்களின் மேசைகளில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. கையில் தூக்கிப் போகலாம், பேட்டரியிலும் ஓடும். மின்தடை வழக்கமாக இருந்த ஊர்களில் பேட்டரிதான் அதன் பெரிய தகுதி. ஐந்தோவனின் 270 கிலோ ஒரு கைப்பெட்டியானது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? பாதிதான். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு தாள் வெளிவரும். சிறிய கட்டம் ஒன்று நொடியில் நூறில் நான்கு பங்கு. உயரத்தில் பத்துக் கட்டம் ஒரு மில்லிவோல்ட். எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவே உள்ள கோடு மேலே தூக்கி நின்றால் பெரும்பாலும் இதயத் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் முழுதாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். மாரடைப்பில் இந்த மாற்றம் வருவதை நியூயார்க்கின் பார்டீ 1920இலேயே விவரித்துவிட்டார். ஆனால் அன்றைக்கு அதைத் தெரிந்துகொண்டு செய்ய எதுவும் இல்லை. படுக்க வைப்பார்கள், வலிக்கு மருந்து கொடுப்பார்கள். அடைப்பைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர் காக்கும் என்பது 1986இல் இத்தாலியில் நடந்த பெரிய ஆய்வில்தான் உறுதியானது. அந்த நாளிலிருந்து ஈசிஜி தாளின் மதிப்பே மாறிவிட்டது. அதுவரை அது நோயின் பெயரைச் சொல்லும் சாட்சி. இப்போது அது கெடு வைக்கும் நோட்டீஸ். வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போனால் கிடைக்கும் பலன் பின்னால் கிடைக்காது.

இனி அவலூர்பேட்டை. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் சேத்துப்பட்டுக்கும் போகும் சாலைகள் கூடும் ஊர். புதன்கிழமை சந்தை. நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வரும் மார்க்கெட் கமிட்டி. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. அதற்கடுத்து திருவண்ணாமலையிலும் ஒன்று வந்தது. இவை இரண்டும் வருவதற்கு முன்பு மாரடைப்பு என்று தெரிந்தால் இங்கிருந்து பாண்டிச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., அதுவும் இல்லாவிட்டால் சென்னை. எந்தப் பக்கம் போனாலும் சாலையிலேயே மணிக்கணக்கில் நேரம் போய்விடும். அதிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவருக்கு முதலில் கிடைப்பது சோடா, அல்லது வெந்நீரில் ஓமம். வாய்வுப் பிடிப்பு, காலையில் சரியாகிவிடும் என்று படுத்தவர்களில் எழுந்திருக்காதவர்கள் இல்லாத தெரு எந்த ஊரிலும் இருக்காது.

லைடனில் ஒன்றரை கிலோமீட்டர். இங்கே ஐம்பது, நூறு. கேள்வி ஒன்றுதான்: நோயாளி படுத்திருக்கும் இடத்தில் எடுத்த பதிவு, அதைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்கு நேரத்துக்குள் எப்படிப் போகும்? ஆந்திராவின் சித்தூர் மாவட்ட அரகொண்டாவில் 2000ஆம் ஆண்டு அப்பல்லோ தொடங்கிய தொலைமருத்துவ மையம் இதற்கு ஒரு முன்மாதிரி. தொடக்க விழாவுக்கு அமெரிக்க அதிபர் கிளின்டன் பெயரெல்லாம் சேர்ந்ததால் செய்தி பெரிதாக வந்தது. ஆனால் தமிழ்நாட்டு அளவில், ஏழை நோயாளியின் கணக்கில், விடை தேடிய முயற்சி வேறு.

கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரியும் தொடங்கிய ஸ்டெமி இந்தியா அமைப்பு அது. அவர்கள் யோசித்த விதம் எனக்குப் பிடித்தது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனைகளை ஊர்தோறும் கட்ட முடியாது. அதனால் ஒரு பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அதோடு இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தவுடன் பதிவு மின்னணு வழியாக இதய மருத்துவருக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்னதும் அங்கேயே அடைப்பைக் கரைக்கும் மருந்து. அதன் பிறகு 108 ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோகிராம். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 இதில் ஒரு தூண். ஏழைகளின் செலவை ஏற்ற மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் இன்னொரு தூண். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கருவி மட்டும் ஒன்றும் செய்திருக்காது.

நான்கு தொகுப்புகளாக நடந்த சோதனை ஓட்டத்தில் 2,420 நோயாளிகளின் விவரம் பதிவானது. திட்டம் வருவதற்கு முன் சேர்ந்தவர்கள் 898 பேர், வந்த பின் 1,522 பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6, பின்பு 14.2. இந்த முடிவு 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதயநோய் இதழில் வெளியானது. மூன்று சொச்சம் சதவீதம்தானே என்று தோன்றலாம். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், இருக்கிற மருந்தையும் இருக்கிற தாளையும் இருக்கிற வண்டியையும் ஒழுங்காகக் கோத்ததால் மட்டும் கிடைத்த வித்தியாசம் அது. மாநில அரசு இந்த முறையைப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டு அடுத்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். திட்டத்துக்கு வெளியே, தாளைச் செல்போனில் படமெடுத்துத் தெரிந்த இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பதிலுக்காக நிற்கும் இளம் டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐந்தோவன் கம்பி இழுத்ததும் இதற்குத்தான்.

ஒரு தூரத்தை மட்டும் இந்தத் திட்டங்கள் எதுவும் தொடவில்லை. 1816இல் பாரிஸில் லேனெக் ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேரடியாகக் காது வைக்கக் கூசி, தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. ஈசிஜியில் அந்த விலகலுக்கு இடமில்லை. ஆறு எலக்ட்ரோடுகளை மார்பில் சரியான இடத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டும். எடுப்பவர் ஆணாக இருந்தால் வயதான அம்மாக்கள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதும், அவர் கூச்சப்பட்டு அங்கே இங்கே ஒட்டிவிடுவதும், துணைக்கு வந்த மகன் அதெல்லாம் வேண்டாம், கேஸ் மாத்திரை கொடுங்கள் என்று சொல்வதும் நடக்கிற விஷயங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வலி பல நேரங்களில் நெஞ்சில் இல்லாமல் தாடையில், முதுகில், அல்லது வெறும் மூச்சிரைப்பாக, களைப்பாக வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதற்குத் தீர்வு கருவியில் இல்லை. ஈசிஜி எடுக்கப் பழகிய ஒரு செவிலியரும் ஒரு திரைச்சீலையும் எல்லா நேரமும் இருக்க வேண்டும். அரசு மனசு வைத்தால் மிக மலிவாக முடியும் காரியம்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நெஞ்சுவலியோ, காரணமில்லாத வியர்வையோடு மூச்சிரைப்போ வந்தால் சோடாவுக்கு ஆள் அனுப்பாமல் 108க்குப் போன் செய்யுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஈசிஜி எடுத்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். இரண்டாவது, எடுத்த தாளைப் பற்றி. அது சூட்டில் கறுக்கும் தாள். பீரோவில் வைத்தாலும் சில ஆண்டுகளில் வெளுத்து வெறும் கட்டமாகிவிடும். பழைய பதிவு கையில் இருந்தால்தான் புதிய பதிவில் தெரியும் மாற்றம் இன்று வந்ததா, எப்போதும் உள்ளதா என்று டாக்டர் சொல்ல முடியும். அதனால் வீட்டில் பெரியவர்களின் ஈசிஜி இருந்தால் இந்த வாரமே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதியும் பெயரும் எழுதி, செல்போனிலும் ஒரு படம் பிடித்து வையுங்கள்.

(தொடரும்)